தமிழிலக்கியத்திற் கலத்தொழிலாளர்

தமிழர் பண்டைக்காலந் தொட்டே கடலோடிய மக்கள் என்பது மேடைதோறும் எடுத்தியம்பப்படும் பெருமையாகும். மிளகை நாடி யவனர் மரக்கலங்கள் முசிறிக்கு வந்ததும், புகார்த்துறையிற் பன்னாட்டுப் பண்டங்கள் குவிந்து கிடந்ததும், சோழரின் கடற்படை கடாரத்தை வென்றதும் பள்ளி மாணவரும் அறிந்த செய்திகளே. ஆயின், அக்கலங்களைக் கடலில் நடத்தியவர் யாவர்? பாயை விரித்தவர், கயிற்றை இழுத்தவர், கலத்தினுட் கசிந்த நீரை இராமுழுதும் இறைத்தவர், புயல் மிக்கபோது பாய்மரத்தை வெட்டி வீழ்த்தியவர், கரைசேராது மாண்டவர் ஆகியோரைப்பற்றித் தமிழிலக்கியம் யாது கூறுகின்றது? இவ்வினா இதுவரை போதிய அளவு எழுப்பப்படவில்லை.

கலத்தைப் பாடிய புலவர் பலர். கலத்துக்கு உரிமைபூண்ட வணிகனையும், கலத்தை ஏவிய அரசனையும் பாடியவரும் பலர். கலத்தில் உழைத்தவனைப் பாடியவரோ மிகச் சிலர். எனினும் அவன் தமிழிலக்கியத்தில் இல்லாதவன் அல்லன். உவமைக்குள்ளும், சொல்லுக்குள்ளும், வேலைப்பாட்டின் ஓசைக்குள்ளும் அவன் மறைந்து நிற்கின்றான். அவனை அங்கே தேடிக் காணும் வாசிப்பு முறையொன்று வேண்டும் என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படுவது.

பாட்டும் தொகையும்

வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடிய புறப்பாட்டு (புறநானூறு 66), அவன் முன்னோன் ஒருவன் பெருங்கடலிற் கலஞ்செலுத்திக் காற்றையும் தன் ஏவலுக்கு உட்படுத்தினான் எனப் புகழ்கின்றது. அரசன் காற்றை ஆண்டான் என்பது புகழுரை. பருவக்காற்றின் வரவை உணர்ந்து, பாயைத் திருப்பி, கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் அக்காற்றை மெய்யாகவே வேலைகொண்டவர் பெயர் அறியப்படாத தொழிலாளர். அவர் கைத்திறன் அரசகுலத்தின் புகழாகிவிட்டது. இம்மரபு நெடுங்காலம் நிலைத்தது. 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பைக் கூறும் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியும் கலங்களைக் கடலிற் செலுத்திய வினையை அரசனுக்கே உரியதாக்கும். படைவீரரையும் கலவரையும் அங்குக் காண்டல் அரிது.

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாட்டு (புறநானூறு 30) இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. பாயைக் களையாமலும் மேற்பாரத்தைக் குறைக்காமலும் பெரிய மரக்கலம் ஆற்றுமுகத்தினுட் புகுகின்றது என்கின்றார் புலவர். துறையின் ஆழத்தைச் சிறப்பித்தற்கு வந்த செய்தி இது. ஆயின் இச்சிறப்பை உணர்த்த வேண்டுமாயின், பிற துறைகளிற் பாயிறக்கிப் பாரங்குறைத்தே கலம் புகும் என்பதைப் புலவர் அறிந்திருத்தல் வேண்டும். பாயிறக்குவதும் பாரங் குறைப்பதும் யாருடைய தொழில்? தொழிலாளரின் அன்றாட அறிவு ஈண்டு அரசனைப் புகழும் கருவியாகின்றது. அதே பாட்டில், கலத்தினின்றும் பண்டங்களை இறக்கிப் பெருவழியிற் சொரிவோர் 'தகாஅர்' எனக் குறிக்கப்படுகின்றனர். பழைய உரை அவர்களைத் தகுதியில்லாதோர் என்றே விளக்கும். உழைப்பு பாட்டினுட் புகுந்துவிட்டது. உழைத்தவன் வாயிலிலேயே நிறுத்தப்பட்டான்.

உவமைகளிலோ நிலைமை வேறு. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில், பாகரையும் காவலரையும் அடக்கமாட்டாது செய்து வெறிகொண்டோடும் யானைக்கு, புயலிற் சிக்கிய நாவாய் உவமையாகின்றது. வலிய கயிறுகள் அறுகின்றன. பாய் கிழிபட மோதுகின்றது காற்று. பாய்மரம் அடியோடு முறிகின்றது. நங்கூரக்கல் நிலைகொள்ளாது அலைகின்றது. கலம் நெடுஞ்சுழியில் அகப்படுகின்றது. சில அடிகளுள் அமைந்த இவ்வுவமையில் நிகழ்ச்சிகள் வந்துள்ள முறையைக் காண்க. முதலிற் கயிறு, பின்னர்ப் பாய், அதன்பின் மரம், ஈற்றில் நங்கூரம். கரையில் நிற்போன் கண்ணுக்குக் கலம் கவிழ்வது ஒன்றே தெரியும். எது முதலில் இற்றது, எது பின்னர் முறிந்தது என அடுக்கிச் சொல்ல வல்லவன் கலத்தினுள் நின்று உயிர்தப்பி மீண்டவனே. அவன் வாய்மொழியைக் கேட்டோ, கேட்டார்வழிக் கேட்டோ புலவர் இதனைப் பெற்றிருத்தல் வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் கண்ட கல்முனைக் கரையோரத்தார்க்கு இவ்வடிகள் ஏட்டுச் செய்தியாக மட்டும் தோன்றா.

பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் பாடிய செய்யுள் (76) மற்றொரு சான்று. போரிற் புண்பட்டோரின் துயர் நீக்கும் சேரனுக்கு, பெருங்கடலை நீந்திவந்த மரக்கலத்தின் மரத்தைச் செப்பஞ்செய்து வலியுறுத்தும் வணிகர் உவமையாயினர். நெடும்பயணத்தின்பின் கலத்தைக் கரையேற்றி, பலகையிடுக்கிற் பஞ்சும் குங்கிலியமும் திணித்து, எண்ணெய் பூசி அடுத்த பருவத்துக்கு ஆயத்தஞ் செய்யும் கலப்பற்று வேலை பாய்க்கப்பல் நின்ற கரைகளெல்லாம் அறிந்த தொழில். புலவர் அத்தொழிலை வணிகர்மேல் ஏற்றிக் கூறினார். எனினும் புண்பட்ட உடலையும் கடலாற் புண்பட்ட மரத்தையும் ஒன்றாக நோக்கிய அந்நோக்கு, கலத்தைத் தொட்டுப் பழகியவனின் நோக்கு என்பதில் ஐயமில்லை.

நெய்தலின் எல்லை

இங்கே ஒரு தடை எழலாம். அகப்பாட்டிற் பெயர் சுட்டலாகாது என்பது மரபு. ஆதலாற் கலத்தொழிலாளன் பெயரற்று நிற்பது இழிவன்று எனக் கூறுவாருளர். அது அகத்திற்குப் பொருந்தும், புறத்திற்குப் பொருந்தாது. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்கு நடுகல்லும் பெயரும் பீடும் உண்டு. கடலில் வீழ்ந்தவனுக்கு நடுகல் இல்லை. கடலிற் கல் நடுதல் இயலாது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அவனைத் தனக்குரியவன் என்று உரிமைபாராட்டத் திணையொன்று இருக்கவில்லை என்பதே மெய்க்காரணம்.

நெய்தல் கடலைச் சார்ந்த நிலம்; கடல் அன்று. தொல்காப்பியம் அதனை மணற்பரப்பாகவே காண்கின்றது. கானலும் கழியும் புன்னையும் தாழையும் அதற்குரியன. பட்டினப்பாலையிற் பரதவரின் வாழ்வு விரிவாக வருகின்றது. அவர் சுறாக்கோடு நட்டு வழிபடுவதும், நிறைமதி நாளிற் கடற்றொழிலுக்குச் செல்லாது உண்டாடுவதும், விடியலில் மாடங்களின் விளக்குகளை எண்ணுவதும் அங்கே உள. பரதவர் அன்றே போய் அன்றே மீள்வர். ஆதலால் மணற்பரப்பின் இலக்கியத்துள் அவர்க்கு இடமுண்டு. மாதக்கணக்கிற் கரைகாணாது செல்லும் கலவனோ நிலமற்றவன். நிலமற்றவன் திணையற்றவனும் ஆயினான்.

கடற்பயணத்திற் பெண்டிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் விதித்தது. அதனாற் கடற்பயணத்தைப் பாடும் அகப்பாட்டும் கரையில் நின்ற பெண்ணின் பாட்டாயிற்று. மதுரை மருதன் இளநாகனாரின் அகப்பாட்டு (அகநானூறு 255) இதற்கு நல்ல சான்று. உலகமே பெயர்ந்தாற்போன்ற பெருங்கலம் இரவும் பகலும் ஓயாது காற்றால் உந்தப்பட்டுச் செல்கின்றது; நீகான் மாடத்து விளக்கொளியைக் கொண்டு திசையறிந்து அதனைச் செலுத்துகின்றான். அந்நீகானைப் பரிபாடலும் திசையறிபவன் என்றே சிறப்பிக்கும். கலத்தின் தலைவனாகிய அவன் ஒருவனேனும் பாட்டுக்குள் வந்தான். விளக்கு, மாடம், கலம், காற்று, நீகான் அனைத்தும் தலைவி கூற்றாகவே வருகின்றன. கலத்தின் ஓட்டத்தை இத்துணைச் செறிவாகச் சொன்ன பாட்டும் கலத்துள் ஏறவில்லை, கரையிலேயே நிற்கின்றது. சங்கச் செய்யுளின் அழகும் எல்லையும் ஈண்டு ஒருங்கே புலனாகும்.

மணிமேகலையின் கலமாக்கள்

கலத்துள் முதன்முதல் ஏறிய பெருங்காப்பியம் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை எனலாம். ஆதிரை பிச்சையிட்ட காதையில், பொருளிழந்த சாதுவன் வணிகரொடு கலமேறுகின்றான். கலம் உடைகின்றது. முறிந்த மரத்தைப் பற்றி அவன் நாகர்மலையைச் சேர்கின்றான். உயிர்தப்பி ஊர்மீண்ட சிலர், சாதுவனும் மாண்டனன் என ஆதிரையிடம் உரைக்கின்றனர். அவள் தீப்புகத் துணிகின்றாள். காப்பியம் சாதுவனைத் தொடர்ந்து செல்கின்றது. ஆதிரையைத் தொடர்ந்து செல்கின்றது. இருளிற் கலமுடைந்தபோது இறந்தோர் யாவர், அவர் வீட்டாரிடம் யார் சென்று உரைத்தனர் என்பதைத் தொடரவில்லை.

ஆயினும் சாத்தனார் ஓரிடத்தில் இவ்வெல்லையைத் தாண்டுகின்றார். சாதுவன் நாகர் தலைவனுக்கு அறங்கூறும்போது, கலமுடைந்து கரையொதுங்குவோரைக் கொல்லாது அவர் உயிரைக் காத்தல் வேண்டும் என வேண்டுகின்றான். அங்குக் குலமும் செல்வமும் பேசப்படவில்லை. வணிகன், கலவன் என்ற வேறுபாடும் இல்லை. உடைந்த கலத்து மக்கள் என்ற ஒரே பெயரில் அனைவரும் அடங்குகின்றனர். கடலில் அல்லலுற்ற எளியோனுக்காகத் தமிழ்க் காப்பியத்தில் எழுந்த குரல்களுள் இது தலையாயது. பௌத்தக் காப்பியம் என்பதால் மட்டும் இதனைப் போற்றுதலும் ஒதுக்குதலும் முறையன்று. கடற்கரையில் வாழ்வோர் யாவர்க்கும் உரிய அறம் இது.

ஆபுத்திரன் வரலாற்றிலும் ஒரு குறிப்புண்டு. சாவகம் நோக்கிச் சென்ற கலம் காற்றின் மிகுதியால் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகின்றது. இறங்கியவன் ஏறிவிட்டான் எனக் கருதி, நள்ளிருளிற் பாயெடுத்துக் கலம் போய்விடுகின்றது. அவனை விட்டுச் சென்றவர் கொடியவரல்லர். நற்காற்று எழுந்த கணத்திற் பாய்விரிக்காவிடிற் பயணமே தவறும் என்ற தொழில்நெருக்கடி அவர்களை உந்திற்று. அட்சயபாத்திரத்தின் கதையே இச்சிறு பிழையிற் சுழல்கின்றது. அப்பிழையின் பின்னால் நின்றவர் காற்றுக்கு அஞ்சி விழித்திருந்த பெயரற்ற கலமாக்கள்.

கல்வெட்டும் யாத்திரிகரும்

இலக்கியம் தராத செய்தியைச் சிலபோது கல் தருகின்றது. சுமாத்திராத் தீவின் பாரூசுப் பகுதியிற் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினரது. அங்கு வரும் கலங்களின் மரக்கல நாயனும் கேவிகளும் செலுத்த வேண்டிய பொன்னை அது வரையறுக்கின்றது. கேவிகள் என்போர் கலத்தொழிலாளர் என்பது ஆய்வாளர் கருத்து. பாட்டிலே பெயர் பெறாதவர் கட்டணப் பட்டியலிற் பெயர் பெற்றனர். இது கசப்பான உண்மையாயினும் பெறுமதி மிக்க சான்று. கலத்தொழிலாளர் தமக்கெனச் சிறுவாணிபம் செய்யும் உரிமையும் உடையராயிருந்திருக்கலாம் என எண்ண இது இடந்தருகின்றது.

1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியின் கலங்களைக் கண்டதையும், இங்கிருந்து மாபார்க் கரைக்குச் சென்ற கலம் புயலுட்பட்டதையும் எழுதிவைத்தார். பாய்மரம் வெட்டப்பட்டதும், மாலுமிகள் மரங்களைப் பிணைத்து மிதவை செய்ததும் அவர் குறிப்பில் வருகின்றன. பிறநாட்டு யாத்திரிகர் ஒருவர் கலத்தினுள் இருந்து கண்டதை உரைநடையில் எழுதியமையால் அம்மாலுமிகளின் கைவேலை நிலைபெற்றது. அக்காலத்துத் தமிழ்ப்புலவர்க்குச் செய்யுளே ஊடகம். செய்யுளுக்கோ பாடப்படுதற்குரிய தலைவன் ஒருவன் வேண்டியிருந்தான்.

பத்தி நெறியிற் கலம்

பத்தியிலக்கியத்தில் நிலை மாறுகின்றது. கல்லொடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட வரலாறுடைய திருநாவுக்கரசர், மனத்தைத் தோணியாகவும், மதியைத் தள்ளுகோலாகவும், சினத்தைச் சரக்காகவும், காமனைப் பாறையாகவும் உருவகித்துப் பாடினார். இவ்வுருவகத்தில் வணிகனும் இல்லை, அரசனும் இல்லை. தோணியும் அவனே, சரக்கும் அவனே, கோலூன்றுபவனும் அவனே. மிகுந்த பாரமேற்றிப் பாறையில் மோதும் தோணிக்காரனின் அச்சம், முதன்முறையாகத் தன்மைக் கூற்றில் ஒலிக்கின்றது. மாணிக்கவாசகரும் பிறவிக்கடலில் அலைகளால் எற்றுண்டு ஐந்தெழுத்தாகிய புணையைப் பற்றிக் கிடப்பவராகத் தம்மைப் பாடுகின்றார். சங்கப் பாட்டு கரையில் நின்றது. காப்பியம் கலத்துள் ஏறியது. பத்திப்பாட்டு நீரில் வீழ்ந்தவனின் வாயாகவே பேசிற்று. உருவகமாயினும், எளிய கடலோடியின் உயிரச்சம் பாட்டின் நடுவிடத்தைப் பெற்றது இங்கேதான்.

இவ்வளர்ச்சிக்கு இணையான ஒன்றை இசுலாமியத் தமிழ் மரபிலுங் காணலாம். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் சாகுல் கமீது நாயகத்தைப்பற்றி வழங்கும் அற்புதங்களுட் புகழ்பெற்றது கப்பல் காத்த வரலாறு. கடலிற் கலத்தின் அடியில் ஓட்டை விழுகின்றது. கலத்தோர் நாயகத்தை நினைத்து அரற்றுகின்றனர். முடிமழிக்கக் கையில் வைத்திருந்த கண்ணாடியை நாயகம் எறிய, அது சென்று ஓட்டையை அடைக்கின்றது. ஓட்டையை அடைத்தல் என்பது கலத்தொழிலாளன் நாடோறும் செய்யும் வேலை. அவ்வேலை கைமீறிய கணத்தில் எழுந்த கதை இது. இறைநேசரின் பெருமை ஈண்டுப் படையை வெல்வதிலோ அரசனை அடக்குவதிலோ காட்டப்படாது, கசியும் பலகையை அடைப்பதிற் காட்டப்படுகின்றது. கடலோரத் தமிழ் முசுலிம்களின் நெஞ்சில் இக்கதை வேரூன்றியமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் நாயகத்தின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றப்படுகின்றது. பாய்க்கப்பல்கள் மறைந்தபின்னும் அவற்றில் உழைத்தோரின் நம்பிக்கை கொடியாக அக்கரையில் நிற்கின்றது.

சொல்லும் ஓசையும்

கலத்தொழிலாளன் எழுதிவைத்த நூல் இல்லை; அவன் ஆண்ட சொற்கள் உள. 'மாலுமி' என்ற சொல் அறபுமொழியில் ஆசிரியரைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்பதன் திரிபு. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் அறபுக்கல்வியோடு பழகியோர்க்கு அச்சொல் இன்றும் ஆசிரியரையே நினைவூட்டும். வழிகாட்டுவோன் ஆசிரியன் எனின் கலமும் ஒரு பள்ளியாகும். ஏடின்றி, எழுத்தாணியின்றி, விண்மீனையும் நீர்நிறத்தையும் காற்றின் மணத்தையும் கொண்டு பாடம் நடந்த பள்ளி. 'சுக்கான்' அறபுவழி வந்தது. 'நங்கூரம்' பாரசீகவழி வந்தது. பாயும் கயிறும் கலமும் தமிழே. தண்டையல், கலாசி, பண்டாரி எனப் பல மொழிச் சொற்களும் ஒரே கலத்தில் ஏறின. தண்டையல் கலத்தின் தலைவன், கலாசி பாயும் கயிறுமாக உழைப்பவன், பண்டாரி சோறாக்குபவன். மொழித்தூய்மை பேசுவோர் இக்கலப்பைக் குறையென்பர். ஒரே புயலில் ஒரே கயிற்றைப் பிடித்தவர்கள் ஒருவர் சொல்லை மற்றவர் ஏற்றுக்கொண்டதன் சான்று இது என்பதே பொருத்தமுடைய விளக்கம்.

காற்றின் பெயர்களும் அத்தகையன. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்பன கிழக்கிலங்கையிற் கமக்காரனுக்கும் கடலோடிக்கும் பொதுவான சொற்கள். இயற்கைத் துறைமுகமில்லாத இத்திறந்த கரையில், எந்தக் காற்றிற் கலம் ஒதுங்கலாம், எந்தக் காற்றில் விலகியோட வேண்டும் என்பது உயிரோடு கூடிய அறிவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று மிகும்போது கடல் அடைபடும், தொழிலாளன் வீட்டிலிருப்பான், கடன்படுவான். காற்றின் பெயரைச் சொல்வது அவனுக்கு அடுப்பின் நிலையைச் சொல்வதாகவும் இருந்தது.

வேலைப்பாட்டுக்கு வருவோம். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவும், பாயேற்றுவோர் பாடிய ஏலேலோப் பாட்டும் ஒரே குடும்பத்தன. ஒருவன் அடியெடுப்பான், ஏனையோர் ஏலேலோ என ஏற்பர். அடியெடுக்கும் சிறுபொழுதிற் கைகள் கயிற்றிற் பிடிமாறுகின்றன. ஏற்கும் ஒலியில் உடல்கள் ஒருங்கே பின்சாய்ந்து இழுக்கின்றன. ஆகவே அம்பாவின் அடியளவை வகுத்தது இலக்கண நூலன்று. மூச்சும் தோளும் வகுத்தன. முருகனும் அந்தோனியாரும் நாகூர் நாயகமும் கரைக்கேற்ப விளிக்கப்படுவர். இழுப்பின் தாளம் மாறுவதில்லை. யாப்பாராய்ச்சி செய்வோர் இப்பாட்டுகளை ஏட்டில் மட்டும் கண்டு சீர்பிரித்தால் அவற்றின் உயிர் அகப்படாது. கயிற்றோடு சேர்த்தே அவற்றை ஆராய்தல் வேண்டும்.

ஏலேலோ என்ற ஒலிக்கு மரபு கூறும் விளக்கம் ஈண்டு நினைக்கத்தக்கது. திருவள்ளுவரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஏலேலசிங்கன் என்னும் வணிகனுக்குக் கலங்கள் பல இருந்தன என்றும், அவன் பெயரையே தொழிலாளர் சொல்லி இழுத்தனர் என்றும் கூறுவர். உழைப்பவனின் மூச்சொலியிலும் கலமுடையானின் பெயரையே கேட்ட மரபு இது! ஓசைக்காகவே பிறந்த சொல் எனக் கொள்வதில் யாதும் இழப்பில்லை. தொழிலாளன் தனக்கென வைத்திருந்த ஒரே சொல்லை அவனிடமே விட்டுவிடுதல் நீதியாகும்.

கரையில் நின்ற பெண்ணின் குரலும் அற்றுப்போகவில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முதலியோர் தொகுத்த கிழக்கிலங்கை முசுலிம்களின் நாட்டார் கவிகளிலும், வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964) போன்ற நூல்கள் பேணிய மரபிலும், பிரிவுத்துயர் நான்கடிக் கவியாக ஒலிக்கின்றது. கடலையும் காற்றையும் நிலவையும் விளித்து, அவன் வருமளவும் அடங்கியிருக்க வேண்டும் பெண்குரல் இப்பகுதிக் கவிகளின் சிறப்பியல்பு. அகநானூற்றுத் தலைவியின் குரலோடு இதனை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். தலைவி கலத்தின் பெருமையையும் கூறிப் பிரிவுக்கு வருந்தினாள். கவி பாடும் பெண்ணுக்குக் கலத்தின் பெருமை ஒரு பொருட்டன்று. அவன் மீள்வது ஒன்றே வேண்டும்.

மேனாட்டு நூலும் அண்மைக்காலத் தமிழும்

ஆங்கிலத்திற் சாதாரண மாலுமியின் வாழ்வு தனிநூலாக விளங்கியமைக்கு றிச்சட் ஹென்றி டேனா எழுதி 1840இல் வெளிவந்த நூல் தலைசிறந்த சான்று. ஹாவட் மாணவரான டேனா, கண்நோயின் காரணமாகப் படிப்பை நிறுத்தி, 1834இற் பொஸ்ரனிலிருந்து கலிபோர்ணியா சென்ற கலத்திற் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். பாய்மரத்தின் முன்பகுதியில், மாலுமிகளின் நெருக்கடியான உறைவிடத்தில் அவர்களோடு உண்டு உறங்கினார். தலைவன் இரு மாலுமிகளைக் கசையாலடித்ததைக் கண்டு, இவர்களுக்காக ஏதேனும் செய்வேன் என உறுதிபூண்டார். பின்னர் வழக்கறிஞராகி மாலுமிகளின் உரிமைகளை விளக்கும் நூலொன்றையும் 1841இல் எழுதினார். அவர் நூலின் ஆற்றல் அலங்காரத்தில் இல்லை. எந்தக் கயிற்றை எப்போது யார் இழுத்தார் என்பதைத் தவறாது சொல்வதில் உள்ளது. எனினும் டேனா திரும்பிச் செல்லக் கல்லூரி ஒன்று காத்திருந்தது. உடனுழைத்த பலர்க்கு அவ்வாய்ப்பில்லை.

தமிழிற் கற்றோர் எவரும் அவ்வாறு கலமேறி எழுதவில்லை. வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தாற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கிப் பெயர்மாற்றினார். அது வல்வை மாலுமிகள் சிலருடன் 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்ரர்த் துறையை அடைந்தது. நெடுங்கடல்களைக் கடந்த அப்பயணத்தைப் பெருமையோடு பேசுவோர் உளர். அவர்கள் என்ன உண்டனர், எக்குளிரை எவ்வுடையாற் தாங்கினர், அந்நிய மொழித் தலைவனின் கட்டளையை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை நாவலாகவோ காவியமாகவோ தமிழ் எழுதவில்லை. டேனாவின் நூலுக்கு நிகரான ஒன்று பிறத்தற்குரிய கருப்பொருள் அங்கே இருந்தது.

வரலாற்று நாவல்களிற் கடல் பெரிதும் வீரனின் அரங்கமாயிற்று. சாண்டில்யனின் கடல் புறாவிற் கலம் தலைவனின் தேர் போன்றது. தேரிழுத்த குதிரைகளின் மூச்சு கேட்பதில்லை. ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி (1972) இதனின் வேறானது. தொங்கானைப் புயல் தாக்கும் பகுதி, சொற்களையே அலையாக்கி எறியும் ஆற்றலுடையது. மதுரைக்காஞ்சி உவமைக்குப்பின் தமிழில் எழுந்த சிறந்த புயற்காட்சி எனின் மிகையாகாது. ஆயினும் அங்குப் புயலைக் காணும் கண் பயணியின் கண்ணே.

அவ்வெல்லையைக் கடந்தது ஆர். என். ஜோ டி குருஸ் எழுதிய கொற்கை (2009). 2013இற் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற இந்நாவல், தூத்துக்குடித் தோணிகளையும் அவற்றின் தண்டல்களையும் கலாசிகளையும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பரப்பில் கதைமாந்தராக்கியது. பாத்திரங்களின் மிகுதியாற் கதை சிதறுவதும், நிகழ்ச்சிகள் குவிந்து உணர்ச்சி ஆழம்பெறாது போவதும் இதன் குறைகள். ஆயினும் கடலோடியின் வழக்குச்சொல்லை அடைப்பும் மன்னிப்புமின்றி உரைநடையில் ஆண்டமை பெருஞ்செயல். உவமையில் மறைந்திருந்தவன் ஈராயிரம் ஆண்டின்பின் எழுவாயாயினான்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். சங்கப்புலவர் கலத்தொழிலாளனின் அறிவை ஏற்று, அவனைப் பாடாது விட்டனர். நெய்தல் கரையோடு நின்றமை அதற்குக் காரணம். பத்திநெறியும் நாகூர் மரபும் அவனது அச்சத்தையும் நம்பிக்கையையும் சமயந்தோறும் ஒரேவகையாகப் பேணின. அவனுடைய சொந்தக் குரல் காற்றின் பெயர்களிலும் கலச்சொற்களிலும் அம்பாவிலுமே எஞ்சியுள்ளது.

இவற்றுள் மூன்றாவது விரைந்து அழிந்துவருகின்றது. பாய்க்கப்பல்கள் மறைந்தன, இயந்திரம் வந்த இடங்களிற் பாட்டும் குறைந்தது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பழைய நூல்களிற் புதைந்து கிடந்த இசைக்குறிப்புகளைத் துருவி 1947இல் யாழ்நூலைத் தந்தார். ஏட்டிற் புதைந்ததை மீட்க அறிஞர் பிறகும் பிறக்கலாம். முதியவர் நாவிற் புதைந்தது அவரோடே போய்விடும். கல்முனை முதற் பொத்துவில் வரையுள்ள கரையில், பாயின் ஒவ்வொரு கயிற்றுக்கும் வழங்கிய பெயரையும், அம்பாவின் ஒவ்வோர் அடியையும், அது பாடப்பட்ட வேலையோடு சேர்த்துப் பதிவுசெய்தல் மாணவராலும் இயலும் பணி. மதுரைக்காஞ்சியைப் பாடமாகக் கற்பிக்கும் வகுப்பில், முறிந்த மரத்தைச் சொல்லும் அடி வரும்போது, அம்மரத்தின்கீழ் நின்றவன் யார் என்று ஆசிரியர் வினவுவாராயின், அப்பணி அன்றே தொடங்கிவிடும்.